முதல் டிவிஷனுக்குப் போகாத ஏழு பேர்

எங்கள் கால்பந்துக் கிளப் முதல் டிவிஷனுக்கு ஏறிய கதையை யாராவது மேடையில் சொல்ல ஆரம்பித்தால் எனக்குக் காது சூடாகிவிடும். தலைவருடைய தொலைநோக்கு, தலைவருடைய உழைப்பு என்று அடுக்குவார்கள். அந்தத் தலைவர் கிளப்புக்கு வந்ததே அந்தப் பருவத்தின் கடைசி ஆறு வாரத்தில்தான். அதற்கு முந்தைய ஆட்டங்களில் ஒன்றைக்கூட அவர் பார்த்ததில்லை. முக்கால்வாசி ஆட்டங்களை நான் பார்த்தேன். பார்த்தது மட்டுமல்ல, அந்தப் பருவத்தின் ஒவ்வொரு காகிதத்தையும் தட்டச்சு செய்தவள் நான்.

சிங்கப்பூரில் எழுபதுகளின் பிற்பகுதி அது. எனக்கு இருபத்துமூன்று வயது. ஷென்டன் வேயில் ஒரு கப்பல் ஏஜென்சியில் டைப்பிஸ்ட். அப்பா அம்மாவோடு பஃப்ளோ ரோட்டில் ஒரு கடைவீட்டின் மாடியில் குடியிருந்தேன். கீழ்வீட்டில் கிளப்பின் செக்ரட்டரி இருந்தார். யாழ்ப்பாணத்துக் குடும்பம், ஆஸ்பத்திரியில் கிளார்க், நாற்பது வயது. முத்து முத்தான கையெழுத்து அவருக்கு. ஆனால் அந்த வருடம் கையால் எழுதிய கடிதங்களை இனி ஏற்க மாட்டோம் என்று லீக் அலுவலகம் சொல்லிவிட்டது. ஒருநாள் மாலை அவர் மாடியேறி வந்து அப்பா முன்னால் தயங்கி நின்றார்.

அப்பாவுக்கு விஷயம் புரிந்ததும் முகம் மாறியது. "பந்தாடுற ஆம்பளைங்க நடுவுல எம் மகளுக்கு என்னங்க வேலை?"

"நடுவுல எல்லாம் வர வேண்டாம் அண்ணே. இங்க மேல இருந்தே டைப் அடிச்சுக் குடுத்தா போதும்."

"ஞாயித்துக்கிழமை பூசை நேரத்துல மட்டும் கூப்பிடக் கூடாது" என்றார் அப்பா. அவ்வளவுதான். என்னை யாரும் கேட்கவில்லை. எனக்கு அப்போது அது தப்பாகவும் தெரியவில்லை.

ஒரு கைப்பெட்டி டைப்ரைட்டர் என்னிடம் இருந்தது. சாப்பாட்டு மேசையின் ஒரு மூலையில் அதை வைத்துக்கொண்டு அடிப்பேன். ஒவ்வோர் ஆட்டத்துக்கும் ஆட்டக்காரர் பட்டியல் மூன்று பிரதி. மழையில் தள்ளிப்போன ஆட்டத்துக்கு மறுதேதி கேட்டுக் கடிதம். எல்லாவற்றையும்விட அதிகமாக அடித்தது முதலாளிகளுக்கு எழுதும் கடிதங்கள்தான். எங்கள் ஆட்டக்காரர்கள் எல்லாரும் வேலைக்குப் போகிறவர்கள். ஒருவர் துறைமுகக் கிடங்கில், ஒருவர் மின்சார வாரியத்தில் குழி தோண்டும் வேலையில், கோல்கீப்பர் ரொட்டிக்கடை லாரி டிரைவர். வார நாளில் ஐந்து மணிக்கு ஆட்டம் என்றால் நான்கு மணிக்காவது அவர்களை விட வேண்டும் என்று பணிவோடு கேட்டு எழுதுவேன். சில சூப்பர்வைசர்கள் விடுவார்கள். சிலர் அந்தக் கடிதத்தையே ஆட்டக்காரர் முன்னால் கசக்கிப் போடுவார்கள். அடுத்த வாரம் நான் மறுபடி அடிப்பேன்.

இதனால் ஒன்று நடந்தது. அவர்களுடைய முகங்கள் எனக்குப் பழகுவதற்கு முன்பே விலாசங்கள் பழகிவிட்டன. யார் இன்னும் கம்பத்தில், தகரக் கூரைக் கிராமத்து வீட்டில் இருக்கிறார், யார் அடுக்குமாடிக்கு மாறிவிட்டார், யாருக்கு எந்த ஷிப்ட், யாருக்கு எத்தனை மஞ்சள் அட்டை, எல்லாம் எனக்கு மனப்பாடம்.

பிறகு ஆட்டம் பார்க்கவும் போக ஆரம்பித்தேன். வேலை முடிந்து பஸ்ஸில் வந்து இறங்கினால் ஃபேரர் பார்க் திடல் வீட்டுக்குப் போகிற வழிதான். அங்கே கோல் கம்பம் மட்டும்தான் நிற்கும். வலையை நாமேதான் கொண்டுபோய்க் கட்ட வேண்டும். கேப்டன்தான் அதைத் தோளில் போட்டுக்கொண்டு வருவார். முப்பத்தொரு வயது, ஜூரோங்கில் ஒரு கப்பல் பட்டறையில் வெல்டர். கம்பெனி லாரியிலிருந்து குதித்து, மரத்தடியில் சட்டையை மாற்றிக்கொண்டு, முதல் வேலையாக வலையைக் கட்டிவிட்டுத்தான் பூட்ஸைப் போடுவார். அவர் நடு பேக். எதிராளி பந்தோடு வரும்போது அவசரமே பட மாட்டார். ஒரு எட்டு பின்னால் வைப்பார், இன்னொரு எட்டு பின்னால் வைப்பார், அவன் இனி போய்விடலாம் என்று நினைக்கும் நொடியில் பந்து இவர் காலில் இருக்கும்.

என்னைக் கண்டால் தூரத்திலிருந்தே கையைத் தூக்குவார். "தங்கச்சி, பட்டியல்ல இன்னைக்கு எம் பேரு இருக்குதா லா?"

"முதல் பேரே உங்களோடதுதான் அண்ணே."

பாதிப் பருவத்தில் எங்களுக்கு ஒரு கண்டம் வந்தது. எங்களிடம் தோற்ற ஒரு குழு புகார் கொடுத்தது. எங்கள் இடதுபக்க ஆட்டக்காரர் அதற்கு முந்தைய வருடம் வேறொரு கிளப்பில் ஆடியவர். அந்தக் கிளப்பின் விடுவிப்புக் கடிதம் லீக் அலுவலகத்துக்கு வந்து சேரும் முன்பே அவர் இரண்டு ஆட்டங்கள் ஆடிவிட்டார் என்பது புகார். அது நிரூபணமானால் நான்கு புள்ளிகள் போய்விடும். மேலே ஏறும் கனவும் போய்விடும்.

புகார் பொய். அந்தக் கடிதத்தைச் செக்ரட்டரி தம் கையாலேயே கொண்டுபோய்க் கொடுத்து, பிரதியில் தேதியோடு முத்திரைச் சாப்பு குத்தி வாங்கி வந்திருந்தார். அதைக் கோப்பில் வைத்தவள் நான்.

விசாரணைக்குச் செக்ரட்டரியோடு நானும் போனேன். அவருக்குப் பெரிய மனிதர்கள் முன்னால் பேச்சு வராது. நாற்காலியில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இருந்தவர் என்னைப் பார்த்து ஆங்கிலத்தில் கேட்டார், இந்தப் பெண் யார் என்று.

"கிளப்போட எழுத்து வேலை எல்லாம் இவங்கதான் பாக்குறாங்க" என்றார் செக்ரட்டரி.

கிளப்பில் உறுப்பினரா என்று அடுத்த கேள்வி. செக்ரட்டரி தரையைப் பார்த்தார். கிளப்பின் சட்டத்தில் பதினெட்டு வயதான ஆண்கள் மட்டுமே உறுப்பினராகலாம் என்று இருந்தது. எனக்கு நன்றாகத் தெரியும். அந்தச் சட்டத்தைப் புதிதாக டைப் அடித்துக் கொடுத்ததும் நான்தானே.

என்னை வெளியே போகச் சொன்னார்கள். நடையில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தேன். கதவு சரியாகச் சாத்தவில்லை. உள்ளே செக்ரட்டரி காகிதங்களைப் புரட்டுவதும், இதோ, இதோ என்று சொல்வதும் கேட்டது. பத்து நிமிடம் பொறுத்தேன். பிறகு எழுந்து உள்ளே போய், யாரையும் பார்க்காமல், கோப்பில் நான் கொண்டை ஊசி செருகி வைத்திருந்த பக்கத்தைத் திறந்து மேசைமேல் வைத்துவிட்டு வெளியே வந்தேன். புகார் தள்ளுபடியானது. மூன்று பேரில் ஒருவர்கூட என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் செக்ரட்டரி, "பிள்ளை, நீ இல்லாட்டி இன்னைக்குக் கதை முடிஞ்சிருக்கும்" என்றார். சந்தோஷப்பட்டேன். அந்தச் சந்தோஷத்தை நினைத்தால் இப்போது எனக்கு என் மேலேயே எரிச்சல் வருகிறது. பஸ்ஸில் சொன்னதை அவர் அந்த அறையில் சொல்லியிருக்கலாம்.

நாங்கள் மேலே ஏறக்கூடும் என்று ஊருக்குத் தெரிய ஆரம்பித்ததும் புதிய தலைவர் வந்தார். கட்டடக் காண்ட்ராக்டர். பழைய தலைவர் உடம்பு சரியில்லை என்று விலக, கமிட்டி இவரைக் கூப்பிட்டு மாலை போட்டது. வந்த அன்றே எல்லாருக்கும் புது ஜெர்சி. திடலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஆட்டம் பார்த்த முதல் மனிதர் அவர்தான்.

கடைசி ஆட்டம் ஒரு புதன்கிழமை. ஜெயித்தால் மேலே, இல்லாவிட்டால் இன்னொரு வருடம் கீழே. மதியம் பெய்த மழையில் திடல் சொதசொதவென்று கிடந்தது. முதல் பாதியில் அவர்கள் ஒரு கோல். இரண்டாம் பாதியில் எங்கள் இடதுபக்கக்காரர் ஒன்று போட்டார். எந்த ஆளுக்காகப் புகார் போட்டார்களோ அதே ஆள். அதன்பின் ஒரு கார்னரில் கேப்டன் தலையால் முட்டப் போய், எதிராளியின் முழங்கை பட்டுப் புருவம் கிழிந்தது. ரத்தம் கண்ணில் இறங்க, ஒரு துண்டை நெற்றியில் இறுக்கிக் கட்டிக்கொண்டு திரும்பி வந்தார். ஆட்டம் முடியச் சில நிமிடங்கள் இருக்கும்போது இன்னொரு கார்னர். அதே தலை. பந்து வலைக்குள் போய் விழுந்ததும் கோல்கீப்பர் திடலின் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்கு ஓடி வந்து சேற்றில் சறுக்கி விழுந்தார். நான் மரத்தடியில் நின்று சத்தம் போட்டுக் கத்தினேன். என் வாழ்க்கையில் பொது இடத்தில் கத்தியது அன்றுதான்.

ஆர்ச்சர்ட் ரோட்டில் ஒரு ஹோட்டலில் விருந்து வைத்தார்கள். அழைப்பிதழை நான்தான் அடித்தேன். யார் எந்த மேசை என்ற பட்டியலையும் நான்தான் அடித்தேன். பத்து மேசைகள். தலைவரின் கம்பெனி ஆட்களுக்கே மூன்று. என் பெயர் எங்கும் இல்லை. அடித்து முடித்து, இன்னொரு தடவை முதலிலிருந்து படித்துப் பார்த்தேன், என் கண்தான் தவறவிட்டதோ என்று.

"ஆம்பளைங்க மட்டும்தான் பிள்ளை. தலைவர் அப்படிச் சொல்லிட்டார்" என்றார் செக்ரட்டரி. மறுநாள் காலை விருந்திலிருந்து ஒரு கேக் துண்டை நாப்கினில் சுற்றிக்கொண்டு வந்து கொடுத்தார். நான் தொடவில்லை. அப்பா சாப்பிட்டுவிட்டு, கேக் நன்றாக இருக்கிறது என்றார்.

இதெல்லாம் எனக்கு நேர்ந்தவை. இதோடு போயிருந்தால் நான் எழுதியிருக்கவே மாட்டேன்.

விருந்து முடிந்து ஒரு மாதம் இருக்கும். செக்ரட்டரி ஒரு கல்யாணத்துக்காக மலேசியாவில் இருக்கும் ஈப்போவுக்குப் போயிருந்தார், இரண்டு வார லீவில். ஒரு சனிக்கிழமை மதியம், கொஞ்சம் டைப் வேலை இருக்கிறது, கிளப் சாப்பையும் எடுத்துக்கொண்டு வரவும் என்று தலைவர் ஆள் அனுப்பினார். செக்ரட்டரியின் பெயர் பொறித்த அந்த ரப்பர் சாப்பு என்னிடம்தான் இருக்கும். எடுத்துக்கொண்டு போனேன். அவருடைய கம்பெனியில் குளிர்பதன அறை. மேசையில் மின்சார டைப்ரைட்டர். அதைப் பார்த்ததும் எனக்கு ஆசையாக இருந்தது, இதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஒரே கடிதம், ஏழு பேருக்கு. இதுவரை ஆற்றிய சேவைக்கு நன்றி, முதல் டிவிஷனின் தேவைகளைக் கருதி வரும் பருவத்தில் தங்களைப் பதிவு செய்ய இயலவில்லை. நான்கே வரி. பட்டியலில் முதல் பெயர் கேப்டன். பிறகு கோல்கீப்பர். பிறகு இடதுபக்கக்காரர். விலாசம் வேண்டுமா என்று தலைவர் கேட்டார். வேண்டாம் என்றேன்.

ஏழையும் அடித்தேன். நடுவில் நிறுத்தவில்லை. கை நடுங்கியது என்று சொன்னால் கேட்க நன்றாக இருக்கும், ஆனால் நடுங்கவில்லை. ஒரு பிழைகூட விழவில்லை. சொன்ன வேலையைச் செய்தே பழகிய கை அது. இத்தனை வருடத்துக்குப் பிறகும் தலைவர் மேல் இருக்கிற கோபத்தில் பாதி அந்தக் கையின் மேல் எனக்கு இருக்கிறது.

கடைசிக் காகிதத்தை உருவிய பிறகு, "கையெழுத்துப் போடுங்க சார்" என்று அவர் பக்கம் நீட்டினேன்.

அவர் பத்திரிகையிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "எனக்கு எதுக்கும்மா? செக்ரட்டரி சாப்பை அடிச்சு, மேல நீயே ஒரு கிறுக்கு கிறுக்கிடு."

"அவருக்கு இது தெரியுமா சார்?"

"வந்ததும் சொல்லிக்கலாம்."

"அவருக்குத் தெரியாம அவர் பேர்ல எப்படிப் போகும்?"

இப்போது நிமிர்ந்து பார்த்தார். "கிளப் லெட்டர் செக்ரட்டரி பேர்லதான் போகும். இது உனக்குத் தெரியாதா?"

"தெரியும் சார். ஆனா முடிவு உங்களோடது. உங்க பேரைப் போடுங்க. இல்லாட்டி ஏழு பேரும் அவரைத்தான் திட்டுவாங்க."

"ஏம்மா, நீ கிளப்ல மெம்பரா? டைப் அடிக்க வந்தே, அடிச்சாச்சு. சாப்பை வச்சுட்டுப் போ."

சாப்பைக் கைப்பையில் போட்டுக்கொண்டு எழுந்தேன். பின்னால் அவர் சிரிக்கும் சத்தம் கேட்டது. ஏன் சிரித்தார் என்று பிற்பாடு புரிந்தது. திங்கட்கிழமையே வேறொரு சாப்பு செய்துவிட்டார்கள். சாப்பு செய்ய ஒரு மணி நேரம் போதும்.

மறுநாள் பூசை முடிந்ததும், கோவில் வாசலில் அம்மாவிடம் ஒரு தோழியைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று பொய் சொல்லிவிட்டுப் பஸ் ஏறினேன். கேப்டன் வீடு தெம்பனிஸ் ரோட்டைத் தாண்டி ஒரு கம்பத்தில் இருந்தது. அப்போதைய தெம்பனிஸ் மணல் அள்ளிய குழிகளும் காய்கறித் தோட்டங்களும் செம்மண் பாதையுமாகக் கிடந்தது. எத்தனையோ தடவை டைப் அடித்த விலாசம், ஆனால் போவது அன்றுதான் முதல் தடவை. வழி கேட்டுக் கேட்டுப் போய்ச் சேர்ந்தேன்.

தகரக் கூரை வீட்டின் முன்னால், இரண்டு தென்னைகளுக்கு நடுவில் வலையை விரித்துக் கட்டி, கிழிந்த கண்களை நைலான் கயிற்றால் முடிந்துகொண்டிருந்தார் கேப்டன். புருவத்தில் தையல் தழும்பு இன்னும் சிவப்பாக இருந்தது.

"அடடே, தங்கச்சி! இவ்ளோ தூரமா? உக்காருங்க, உக்காருங்க." உள்ளே பார்த்து மனைவியிடம் பால் இல்லாத தே-ஓ போடச் சொன்னார். "புது சீசனுக்கு வலை ரெடி பண்றேன் லா. முதல் டிவிஷன் மேட்ச் நடக்குற ஸ்டேடியத்துல அவங்களே வலை கட்டி வச்சிருப்பாங்களாம். ஆனா பயிற்சிக்கு நமக்கு வேணுமில்ல?"

தே-ஓ வரும்வரை காத்திருந்தால் என்னால் சொல்ல முடியாமல் போய்விடும் என்று தோன்றியது. நின்றுகொண்டே சொன்னேன். "அண்ணே, இந்த வாரம் உங்களுக்கு ஒரு லெட்டர் வரும். உங்களை எடுக்கலன்னு. ஏழு பேருக்கு வருது. அதை அடிச்சது நான்தான்."

அவர் கையில் இருந்த முடிச்சை முடித்தார். பிறகுதான் கேட்டார்.

"யாரு சொல்லி?"

"தலைவர். ஆனா செக்ரட்டரி பேர்லதான் வரும். அவர் ஈப்போல இருக்காரு. அவருக்கு ஒண்ணுமே தெரியாது. அதைச் சொல்லத்தான் வந்தேன்."

"கீப்பரும் போறானா?"

"ஆமா."

"ரெண்டு பிள்ளைய வச்சிக்கிட்டு, விடிகாலைல ரொட்டி லாரி ஓட்டிட்டு வந்து நிப்பான் அவன்" என்றார். "எனக்கு வயசாச்சுன்னு எனக்கே தெரியும். முதல் டிவிஷன்ல பயலுங்க வேகமா ஓடுவாங்க. ஒரு வருஷம் முழுக்க வேணாம். ஒரு மேட்ச். ஒரே ஒரு மேட்ச் அந்த ஸ்டேடியத்துல ஆட விட்டிருக்கலாம் இல்ல? பாதி நேரம் ஆடியிருந்தாக்கூடப் போதும்."

நான் அழுதுவிட்டேன். அவர் மனைவி தேநீரை வைத்துவிட்டு என் தோளைத் தொட்டார். "நீங்க ஏன் அழறீங்க, அடிக்கச் சொன்னா அடிக்கத்தானே செய்வீங்க" என்றார். அந்த ஆறுதல்தான் எனக்கு அதிகமாக வலித்தது.

அன்று மாலையே கேப்டன் மற்ற ஆறு பேர் வீட்டுக்கும் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். கடிதம் வந்தபோது யாரும் செக்ரட்டரியை ஒரு வார்த்தை திட்டவில்லை. அந்தப் பருவத்தில் நான் உருப்படியாகச் செய்த ஒரே காரியம் அதுதான் என்று நினைக்கிறேன்.

செக்ரட்டரி ஊரிலிருந்து வந்ததும் விஷயத்தைச் சொன்னேன். மறுநாள் தலைவரைப் பார்க்கப் போனார். சண்டை போட்டுவிட்டு வருவார் என்று மாடி ஜன்னலில் காத்திருந்தேன். வந்தார். "ஏழு பேருக்கும் ஆயுள்கால கௌரவ மெம்பர் குடுக்கிறாராம் பிள்ளை" என்றார்.

"அவங்க கேட்டது அதுவா?"

"நான் என்ன பிள்ளை செய்ய முடியும்?"

"நீங்க ராஜினாமா செய்யலாம்."

அவர் செய்யவில்லை. கிளப் தொடங்கிய நாளிலிருந்து இருந்தவர், அது முதல் டிவிஷனில் ஆடுவதைப் பார்க்க ஆசைப்பட்டார். அந்த ஆசை எனக்குப் புரிந்தது. ஆனாலும் என்னால் பொறுக்க முடியவில்லை. கோப்புகளை எல்லாம் ஒரு அட்டைப் பெட்டியில் போட்டுக் கீழே இறக்கி அவர் வாசலில் வைத்தேன். சாப்பையும் மேலே வைத்தேன்.

அன்று மாலை எனக்காக ஒரு கடிதம் அடித்தேன். கிளப் கமிட்டிக்கு, என் பெயரில், என் கையெழுத்தில். முதல் ஆட்டத்தில் அந்த ஏழு பேரையும் ஆட விடாவிட்டாலும், ஸ்டேடியத்தில் திடலுக்குள் கூப்பிட்டு நிற்க வைத்துப் பெயர் சொல்லிக் கைதட்ட வேண்டும் என்று கேட்டிருந்தேன். பதிலே வரவில்லை. கமிட்டிக் கூட்டத்தில் அதைப் படித்தபோது யாரோ கேலி பேசினார்களாம்.

முதல் ஆட்டத்துக்கு நான் போகவில்லை. மலேசியாவிலிருந்து இரண்டு பேர், வேறு கிளப்புகளிலிருந்து ஐந்து பேர் என்று புதுக்குழு. தோற்றார்கள். அந்த வருடம் முழுக்கத் தடுமாறினார்கள். மூன்றாவது மாதமே செக்ரட்டரியை மாற்றிவிட்டு, தலைவர் தம் கம்பெனி ஆளை வைத்துக்கொண்டார். செக்ரட்டரி மாடிப்படியில் என்னைப் பார்த்தபோது சிரிக்க முயன்றார். நானும் முயன்றேன். இரண்டாம் வருடம் கிளப் மறுபடி கீழே இறங்கியது. பலர் நினைப்பது போல எனக்கு அதில் சந்தோஷம் இல்லை. அது என்ன அந்தத் தலைவருடைய கிளப்பா, அவர் தோற்றதாக நினைத்து நான் மகிழ?

எண்பதுகளில் எல்லாம் மாறிப்போனது. எனக்குக் கல்யாணமாகி, தெம்பனிஸில் எழும்பிய புது அடுக்குமாடி ஒன்றுக்கே குடிபோனேன். மணல் குழிகள் இருந்த இடம்தானா என்று அடையாளமே தெரியவில்லை. ஒருநாள் ஈரச்சந்தையில் மீன் வாங்கிக்கொண்டிருந்தபோது, "தங்கச்சி!" என்று ஒரு குரல். கேப்டன். அவர்களுடைய கம்பத்தை இடித்துவிட்டு, நான்கு புளோக் தள்ளி வீடு கொடுத்திருந்தார்கள். தலை பாதி நரைத்திருந்தது. கூடவே பட்டறையில் வேலை பார்க்கும் ஓர் இளைஞர்.

இளைஞர் என்னிடம் பெருமையாகச் சொன்னார். "அண்ணன் அந்தக் காலத்துல பெரிய பிளேயராமே அக்கா! ஃபர்ஸ்ட் டிவிஷன்ல ஆடுனவராமே!"

"இல்லலா, செகண்ட் டிவிஷன்" என்றார் கேப்டன் உடனே, மீன்காரரிடம் மிச்சத்தை வாங்கிக்கொண்டே.

"சும்மா சொல்றீங்க அண்ணே."

"செகண்ட் டிவிஷன்தான்டா. எத்தன தடவ சொல்றது?" அவர் சிரித்தார். அவருக்கு அதில் கசப்பே இல்லை. நடந்ததை நடந்தபடி சொல்கிற மனிதர்.

எனக்குத் தாங்கவில்லை. மீன் பையைக் கீழே வைத்துவிட்டு அந்த இளைஞரை நிறுத்தி வைத்து, சந்தை இரைச்சலுக்கு மேலாக, புதன்கிழமை மழையிலிருந்து தொடங்கி முழுவதையும் சொன்னேன். கேப்டன், "விடுங்க தங்கச்சி, பழைய கதை" என்று இரண்டு தடவை சொன்னார். நான் விடவில்லை. ஏழு பேரின் பெயரையும், அந்தக் காலத்து விலாசத்தோடு, ஒன்று விடாமல் சொல்லி முடித்தேன்.